சிங்களம் படிக்க இந்தியா போனவர்கள்

நாங்கள் முதுமாணி படித்த பல்கலைக்கழகத்திலிருந்து இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு படிவம் மின்னஞ்சலில் வந்தது. பழைய மாணவர் விபரம் திரட்டுகிறார்களாம். பெயர், படித்து முடித்த ஆண்டு, இப்போதைய தொழில். அதற்குக் கீழே 'உங்கள் தொழில் நீங்கள் கற்ற பாடத்துடன் தொடர்புடையதா?' என்ற கேள்வியும் ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகளும். கடைசியில் 'நினைவுகள்' என்று மூன்று வரிக்கு இடம்.

அதே கிழமை என்னிடம் முன்பு புவியியல் படித்த பிள்ளை ஒன்று தொலைபேசியில் கேட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைமாணி முடிக்கப்போகிறாள். "சேர், நீங்கள் படிச்ச அந்தத் தெற்காசியக் கற்கைக்கு நானும் விண்ணப்பிக்கலாமோ? பிறகு வேலை கிடைக்குமோ?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படிப்புக்கு என்னோடு வட இலங்கையின் வன்னிப் பகுதியிலிருந்து போனவர்களைக் கூப்பிட்டேன். ஒரு ஞாயிறு கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நான்கு பேர் இருந்து நான்கு மணி நேரம் கதைத்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூன்று வரிக்குள் அடங்காது. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், வட இந்தியாவில் ஒன்று என்றால் போதும். சில குறைகளும் சொல்லவேண்டியிருக்கிறது. ஆட்களின் பெயரும் வேண்டாம், வன்னியில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்.

போன கதை

நாங்கள் எல்லாரும் 1980களின் இறுதியில் பிறந்தவர்கள். 2006 ஆகஸ்டில் வன்னிக்கு வரும் ஏ9 பாதை மூடப்பட்டபோது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். போர் முடிந்த 2009 மே மாதம் நாங்கள் எங்கே நின்றோம் என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அப்புறம் செட்டிகுளத்தில் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம். அங்கிருந்து வெளியே வந்து, யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்தில் சேர்ந்து, பட்டத்தை முடிக்க 2014 ஆகிவிட்டது. இந்திய அரசு இலங்கை மாணவருக்குக் கொடுக்கும் புலமைப்பரிசில்கள் சில உண்டு. முதுமாணிக்கு மௌலானா ஆசாத் பெயரில் ஒன்று இருக்கிறது. புலமைப்பரிசில் கிடைத்தவர்களும் கடன்பட்டுப் போனவர்களுமாக, இரண்டு வருட இடைவெளிக்குள் வன்னியிலிருந்து ஐந்து பேர் அந்தத் துறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நான் வெளிக்கிட்ட அன்று கிளிநொச்சியில் ரயில் ஏறினேன். 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்திருந்தது. ரயில் எப்படியிருக்கும் என்று தெரியாமல் வளர்ந்த ஆள் நான். முதற்தரம் ஏறிய ரயிலிலேயே நாட்டைவிட்டுப் போனேன்.

யார் யாரைப் படிப்பது

தெற்காசியக் கற்கை என்பது பிராந்தியக் கற்கை என்ற பெரிய பாடத்தின் ஒரு கிளை. அந்தப் பாடத்தின் பிறப்புக் கதையை முதல் வாரமே சொல்லித் தந்தார்கள், மறைக்கவில்லை. லண்டனில் கீழைத்தேயக் கற்கைகளுக்கான கல்லூரி 1916இல் நிறுவப்பட்டது, பேரரசை நிர்வகிக்கப் போகிறவர்களுக்கு மொழி படிப்பிக்க. அமெரிக்காவில் இதற்குப் பெருந்தொகைப் பணம் வந்தது 1958இல். முந்தின வருடம் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை மேலே அனுப்பிவிட்டது. பயந்துபோன அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, பிற நாட்டு மொழிகளுக்கும் பிராந்தியங்களுக்கும் பல்கலைக்கழகங்களில் நிலையங்கள் அமைக்கக் காசு கொடுத்தது. சட்டத்தின் பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது, கவனியுங்கள்.

ஆக, 'பிராந்தியம்' என்பது எப்போதும் மற்றவருடைய ஊர். படிக்கிறவர் ஒரு பக்கம், படிக்கப்படுகிறவர் மறு பக்கம். நாங்கள் வகுப்பில் இரண்டு பக்கத்திலும் இருந்தோம். அது சில நாள் சிரிப்பாகவும் சில நாள் சீ என்றும் இருக்கும். தெற்காசியாவின் உள்நாட்டுப் போர்கள் பற்றிய வகுப்பில் முல்லைத்தீவு வரைபடம் திரையில் விழுந்தபோது, எங்களில் ஒருவர் எழும்பி வெளியே போய்விட்டார். பேராசிரியர் பிறகு வந்து மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுசன். ஆனால் அடுத்த வருடமும் அதே வரைபடம்தான்.

நூலகத்தில் இலங்கைக்கு ஒரு முழு அலுமாரி இருந்தது. அதில்தான் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேட்டை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். 1895இல் கொழும்பில் அச்சான புத்தகம். வெள்ளைக்கார அரசாங்க அதிகாரி ஒருவர் வவுனியாவையும் முல்லைத்தீவையும் நிர்வாகக் கண்ணோடு பார்த்து எழுதியது. என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்து வன்னி, ஆங்கிலத்தில், அட்டவணைகளோடு. வன்னியைப் பற்றிய முதல் பிராந்தியக் கற்கை இதுதான் என்று சொல்வேன், அந்தப் பெயர் அப்போது இல்லாவிட்டாலும். கச்சேரிக்காரர், அதாவது அரச அலுவலகத்தார், எழுதினால் ஊர் எப்படித் தெரியும், ஊர்க்காரர் எழுதினால் எப்படித் தெரியும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த அலுமாரியடியில்தான் வந்தது. துறை எனக்குத் தந்தவற்றில் மிச்சமிருப்பது அனேகமாக அது ஒன்றுதான்.

குருநாகல்காரன்

ஆனால் நாங்கள் நான்கு பேரும் ஒரே வாயாகச் சொன்ன நினைவு வகுப்பறையைப் பற்றியதல்ல.

விடுதியில் எங்களுக்குப் பக்கத்து அறையில் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெடியன் ஒருவன் இருந்தான். நாங்கள் வன்னியில் வளர்ந்த காலத்தில் சிங்களம் கேட்டது இரண்டே வழியில்: வானொலியில், பிறகு 2002க்குப் பின் ஓமந்தைச் சோதனைச் சாவடியில். எங்களுக்குத் தெரிந்த சிங்களச் சொற்கள் எல்லாம் கட்டளைகள். நில், இறங்கு, அடையாள அட்டை. ஒரு சிங்களவன் சிங்களத்தில் பகிடி விடுவதை நாங்கள் முதன்முதல் கேட்டது இந்தியாவில்.

குளிர்காலத்தில் வட இந்தியாவில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அவன் தமிழ் கேட்டான், நாங்கள் சிங்களம் கேட்டோம். முதல் வசனம் 'மம கெதர யனவா'. நான், வீட்டுக்கு, போகிறேன் என்று சொல் சொல்லாக அப்படியே தமிழ் ஒழுங்கு. வசனத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டிய ஆங்கிலத் தொல்லை இதில் இல்லை. போதாததற்கு, பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஆள் மாறாது. நானும் யனவா, நீயும் யனவா, அவளும் யனவா. திணையும் பாலும் எண்ணும் பார்த்துப் பார்த்துப் பேசும் எங்களுக்கு அது விடுமுறை மாதிரி. அக்கா, அம்மா, கடை என்று தெரிந்த சொற்களும் வழியில் வந்துகொண்டே இருந்தன. நான்கு மாதத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டோம்.

அவனுக்குத்தான் பாடு. ழகரமும் வினை முடிவுகளும் அவனைப் பிழிந்து எடுத்துவிட்டன. அவன் வந்தவுடன் நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்தோம் என்று சொன்னால் பொய். ஒருவர் ஆறு மாதம் அவனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்த ஒருவர்தான் இன்றைக்கு எங்களில் திறமாகச் சிங்களம் எழுதுகிறவர்.

கோப்பு

அவரை நாங்கள் அக்கா என்றே கூப்பிடுவோம், எங்களைவிட இரண்டு வயது மூத்தவர். முல்லைத்தீவுக் கரையோரம் சொந்த இடம். இந்தியாவால் திரும்பி வந்து நான்கு வருடம் வேலையில்லை. ஒரு நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன பாடம் பிள்ளை, புவியியலோ, அரசறிவியலோ?" என்று கேட்டாராம். இரண்டும்தான் என்று அக்கா சொல்ல, "அப்பிடியெண்டால் எந்தப் பெட்டியில போடுறது?" என்றாராம். பெட்டி இல்லாததால் வேலையும் இல்லை. வெளிநாட்டுப் பட்டம் என்பதால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதம் வேறு கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கு கொழும்புக்கு மூன்று பயணம்.

2020 செப்டெம்பரில் அரசாங்கம் நாடு முழுவதும் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தது. மாதம் 20,000 ரூபா படி. அதில்தான் அக்காவும் உள்ளே போனார். எடுத்தது முதுமாணியைப் பார்த்தல்ல, யாழ்ப்பாணக் கலைமாணியைப் பார்த்து. பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தராக ஒரு பிரதேச செயலகத்தில் விட்டார்கள். அபிவிருத்தி உத்தியோகத்தர் என்றால் என்ன வேலை என்று எவருக்கும் சரியாகத் தெரியாது. எந்த மேசையில் ஆள் இல்லையோ அந்த மேசை உங்களுடையது. அக்காவுக்குக் காணிப் பிரிவு விழுந்தது.

இனி இந்தக் கதையின் நடுப்பகுதி. ஊரின் பெயரையும் திணைக்களத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன், விடயம் இன்னும் முடியவில்லை.

கரையோரத்துக்குச் சற்று உள்ளே ஒரு வயல் வெளி. ஊர்ச் சனம் 1984இன் இறுதியில் இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு முகாம், உறவினர் வீடு, திரும்ப முகாம். மீள்குடியேற்றத்துக்கு வந்தபோது கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. இருபத்தைந்து வருடம் உழாமல் விட்ட வயலில் வன்னி மண் என்ன செய்யும்? பற்றை வரும், பற்றைக்குள் வீரை மரம் வரும், பாலை மரம் வரும். மேலேயிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் அது அசல் காடு. ஒரு திணைக்களம் எல்லைக் கல் நாட்டியது. சனம் பிரதேச செயலகத்துக்கு வந்தது.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டுச் சட்டம். வன்னியின் குடியேற்றக் காணிகளில் பெரும்பகுதி அதன்கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம்தான், சனம் பெர்மிற் என்று சொல்வது. இந்த ஊரில் பெர்மிற் வைத்திருந்த கொஞ்சப் பேரில் பெரும்பாலானோருக்கு அது போரில் போய்விட்டது. அலுவலகப் பேரேட்டிலும் அந்தப் பக்கங்கள் இல்லை. மற்றவர்களுடையது பரம்பரை வயல், கடதாசியே கிடையாது. திணைக்களத்திலிருந்து வந்த கடிதம் தனிச் சிங்களத்தில். முன்பிருந்த உத்தியோகத்தர் அதைக் கோப்பில் போட்டு மூடிவிட்டார்.

அக்கா திறந்து வாசித்தார். கதைக்கிற சிங்களம் வேறு, கடிதச் சிங்களம் வேறு. தமிழில் இருக்கும் அதே இரட்டைநிலைதான். எழுத்துச் சிங்களத்தில் 'யனவா' இருக்காது. நான் என்றால் 'யமி' என்று முடிக்கவேண்டும், அங்கே வினை திரும்ப ஆள் பார்க்கத் தொடங்கிவிடும். குருநாகல்காரன் கற்றுத் தந்தது பேச்சு. எழுத்தை அக்கா லங்காதீப பத்திரிகையை இணையத்தில் தினமும் ஒரு பக்கம் வாசித்துத் தானாகப் பிடித்தவர். 2007 யூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்டவேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. பலர் அந்தப் பரீட்சைக்கு ஓடித்திரிய, அக்கா முதல் தடவையே சித்தியடைந்துவிட்டார்.

கடிதத்தில் அந்த வெளியைக் குறித்த சொல் 'கெலே'. காடு. ஊர்ச் சனம் கொடுத்த மனுவிலும் 'காடாய்க் கிடக்கும் எங்கள் வயல்' என்றுதான் இருந்தது. அதாவது, நாங்களே எங்கள் வாயால் காடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதை மொழிபெயர்த்தவர் எவரோ, காடு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஞாபகம் வந்தது ஒரு குளிர்கால இரவு. குருநாகல்காரன் தன் வீட்டுக் கதை சொன்னான். தகப்பன் நகரத்துக்குப் போய்விட்டதால் அவர்களுடைய வயல் விதைக்காமல் கிடக்கிறது என்று. அதற்கு அவன் பாவித்த சொல் 'புரன் கும்புர'. விதைக்காமல் விடப்பட்ட வயல். எவ்வளவு காலம் கிடந்தாலும், மேலே மரமே முளைத்தாலும், அது வயல்தான். காடு அல்ல. சிங்களக் கமக்காரர் அன்றாடம் பாவிக்கிற, விவசாயத் திணைக்களங்களும் எழுதுகிற சொல். எங்களுடைய மனுவில் இல்லாதிருந்தது அந்தச் சொல்தான்.

சொல் மட்டும் போதாது, வயல் என்று காட்டவேண்டும். அக்கா ஒரு விதானையாரையும் (கிராம அலுவலர்) ஊரின் வயதானவர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு சனி ஞாயிறுகளில் அந்தப் பற்றைக்குள் நடந்தார். கையில் நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடத் தாள், தொலைபேசியில் செய்மதிப் படம், ஒரு கொப்பி. முதியவர் ஒருவர் ஒவ்வொரு துண்டின் பெயரையும் சொல்லிக்கொண்டே போனாராம்: பூவரசடி, ஆலடித்துண்டு, பள்ளவெளி. மரத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தால் வரம்பு. சின்னக் குளமொன்றின் கட்டு பாதி கரைந்து கிடந்தது, தண்ணீர் திறந்துவிடும் துருசின் கல் மட்டும் அப்படியே. புளியமரம் இருந்த இடத்தில் கிணறு இருந்தது. காட்டில் புளி தானாக வரிசையாக முளைக்காது.

ஒரு அம்மா ஒரு சொப்பின் பையைக் கொண்டுவந்து கொடுத்தா. ஐந்து இடப்பெயர்வுக்கும் அதைக் கைவிடவில்லையாம். உள்ளே பழைய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டுகள். கமநலப் பதிவேட்டில் அந்தப் பெயர்கள் சில திரும்பக் கிடைத்தன. எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ்ப் பெயர், வரைபடத்தில் இடம், சாட்சி, தலைப்பில் 'புரன் கும்புர' என்று போட்டு, இரண்டு மொழியிலும் அக்கா அறிக்கை எழுதினார்.

நான் அந்த அறிக்கையை வாசித்தேன். எங்கள் முதுமாணி ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றையும்விடத் திறமானது. களக் குறிப்பு, வாய்மொழி, வரைபடம், ஆவணம், மொழி என்று அந்தத் துறை தலைகீழாக நின்று சொல்லித்தந்த எல்லாம் அதில் இருந்தன, கோட்பாட்டுச் சொல் ஒன்றைத் தவிர. அக்காவிடம் இதைச் சொன்னேன். "எனக்கு அப்ப அது ஞாபகமே வரேல்ல, அந்த அம்மான்ர பையைத்தான் யோசிச்சனான்" என்றார்.

விளைவு? திணைக்களம் கூட்டுக் களப் பார்வைக்கு ஒப்புக்கொண்டது. முதல் பார்வையில் வயல் வெளியின் ஒரு பகுதியில் எல்லைக் கல் பின்னுக்குப் போனது. மிச்சம் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. அறிக்கையில் தயாரித்தவர் பெயர் போடும் வழக்கம் இல்லை என்று மேலதிகாரி ஒருவர் அக்காவின் பெயரை எடுத்துவிட்டார்.

'போனோர்', 'ஆக்கப்பட்டோர்'

இரண்டாமவர் விசுவமடுப் பக்கம். 2016இல் திரும்பி வந்தவர். அடுத்த வருடம் வன்னி முழுக்கப் போராட்டப் பந்தல்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இருந்தார்கள். கேப்பாப்பிலவில் காணி கேட்டுச் சனம் இருந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஊடகக்காரரும் வந்தார்கள், அவர்களுக்கு மொழி தெரிந்த ஒருவர் தேவை. மூன்று மொழியும் தெரிந்த, ஆய்வு என்றால் என்னவென்று விளங்கிய, மோட்டார் சைக்கிளும் வைத்திருக்கிற பெடியன் வன்னியில் எத்தனை பேர்? நாள் கூலிக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனார். இன்றைக்கும் அதுதான் தொழில், இடையிடையே கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களுக்குச் சமூகத் தொடர்பு வேலையும்.

அவர் சொன்ன ஒரு விடயத்தை இன்னும் மறக்க முடியவில்லை. தாய் ஒருவர், 'காணாமல் ஆக்கப்பட்ட என்ர மகன்' என்கிறா. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் சாதாரணமாக 'காணாமல் போன மகன்' என்றுதான் விழும், ஆய்வாளரும் அப்படியே எழுதிக்கொள்வார். ஆனால் அந்த 'ஆக்கப்பட்ட' என்ற சொல்லுக்காகத்தான் அந்தத் தாய் வெயிலில் இருக்கிறா. தானாகப் போகவில்லை, யாரோ ஆக்கினார்கள். 2016 சட்டத்தின்கீழ் வந்த அரச அலுவலகத்தை 'காணாமல் போனோர் அலுவலகம்' என்றே சொல்கிறார்கள். தாய்மார் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. நண்பர் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, ஆய்வாளருக்கு அந்த வேறுபாட்டை விளக்கினார். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், "நீ மொழிபெயர்த்தால் போதும்" என்றாராம். அவரோடு அதோடு சரி.

ஒப்புதல் படிவம் இன்னொன்று. வகுப்பில் ஆய்வறம் என்று ஒரு முழுப் பாடம் படித்தோம். பேட்டி கொடுப்பவர் கையொப்பம் வைக்கவேண்டும், அது அவருடைய பாதுகாப்புக்கு. வன்னியில் கையொப்பம் என்றால் என்ன? முகாமில் பதிவு, பதிவுக்குப் பின் விசாரணை. வெள்ளைத்தாளை நீட்டினாலே சனத்துக்குக் கை நடுங்கும். பாதுகாப்புக்கு என்று கொண்டுவந்த கடதாசியே பயம் காட்டுகிறது. இதை எங்களுக்குப் பாடம் எடுத்தவருக்கு நண்பர் விரிவாக எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை.

பல வருடம் அவருடைய பெயர் நன்றியுரையில்கூட வரவில்லை. வந்தால் 'உள்ளூர் உதவியாளர் ஒருவர்'. இப்போது மூன்று நிபந்தனை போடுகிறார்: கேள்விகளை முதலே காட்டவேண்டும், எழுத்துப்படியின் பிரதி ஒன்று பேட்டி கொடுத்தவரிடம் போகவேண்டும், கட்டுரையில் தன் பெயர் வேண்டும். அதனால் வேலை குறைந்துவிட்டது. கவலைப்படுகிற மாதிரித் தெரியவில்லை. அவரிடம் இன்னொரு கொப்பி இருக்கிறது. ஆய்வாளர்கள் கேட்காத, ஆனால் சனம் தானாகச் சொல்லத் தொடங்கி இடையில் நிறுத்தப்பட்ட கதைகளின் பட்டியல். ஆடு தொலைந்தது, பாடசாலையில் பரிசு வாங்கியது, நந்திக்கடலில் இறால் வடித்தது. அதை என்ன செய்யப்போகிறீர் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

மற்றவர்கள்

மூன்றாமவர் வியாபாரி. தகப்பன் 1970களின் தொடக்கத்தில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்து வன்னிக்கு வந்தவர். இறக்குமதிக்குத் தடை இருந்த அந்தக் காலத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டு வன்னியில் கல்வீடு கட்டியவர்கள் பலர். 1977இல் சந்தையைத் திறந்துவிட விலை விழுந்தது. இவருடைய ஆய்வுக் கட்டுரை அதைப் பற்றியது. இப்போது உளுந்தும் கச்சானும் வாங்கி விற்கிறார், தம்புள்ளைக்கு லொறி விடுகிறார், அங்கத்தை முதலாளிமாரோடு சிங்களத்தில் விலை பேசுகிறார். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தினார்களே, அப்போது கையிலிருந்த காசு முழுக்கப் போய்விட்டது. "எழுபத்தேழைப் பற்றி நூறு பக்கம் எழுதினவன் நான். இருபத்தொண்டு வரேக்க எனக்கு முதலே தெரிஞ்சிருக்க வேணும்" என்று சிரித்தார். படிவத்தில் தொடர்பு 'இல்லை' என்று போட்டிருக்கிறார். அது சரியில்லை என்று நாங்கள் மூவரும் சண்டை பிடித்தோம், மாற்றவில்லை.

ஐந்தாவது ஆள் 2022இல், எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், கனடா போய்விட்டார். அவரைப் பற்றி அவர்தான் எழுதவேண்டும்.

நான் ஆசிரியன். பட்டதாரி நியமனத்தில் கிடைத்த வேலை, புவியியல். வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகளை இரணைமடுக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போய், கனகராயன் ஆறு எங்கேயிருந்து வருகிறது, அலைகரை எங்கே, மிச்சத் தண்ணீர் வழியும் வான் எங்கே என்று காட்டுவேன். பிறகு வீட்டுக்குப் போய் அவரவர் ஊர்க் குளத்தின் பெயர் எப்படி வந்தது என்று கிழவன் கிழவியிடம் கேட்டு எழுதிவரச் சொல்வேன். மடு, மோட்டை, முறிப்பு, கேணி என்று வன்னி முழுக்கத் தண்ணீரின் பெயர்தானே. ஒரே இடத்தின் தமிழ், சிங்களப் பெயர்களான மணலாறு, வெலிஓயா இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஓயா என்றால் ஆறு, வெலி என்றால் மணல் என்று சொன்னால் ஒரு நிமிடம் வகுப்பு அமைதியாகிவிடும். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதில்லை. அரச சம்பளம்.

அந்தப் பிள்ளைக்கு

படிப்பு பிழை என்று எங்களில் எவரும் சொல்லவில்லை. ஆனால் அதன் எந்தப் பகுதி வன்னிக்கு வந்து உழைத்தது என்று பார்த்தால், பாடத்திட்டத்தில் பெரிதாக எழுதியிருந்தவை அல்ல. மொழி, அதுவும் விடுதியில் படித்த மொழி. களத்தில் கொப்பியோடு நடக்கும் பழக்கம். பழைய ஆவணத்தைச் சந்தேகத்தோடு வாசிக்கும் பழக்கம். கோட்பாட்டுக்கு இரண்டு பருவம் கொடுத்தார்கள், மொழிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. விரும்பினால் ஹிந்தி படிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். தெற்காசியக் கற்கையில் தெற்காசிய மொழி விருப்பப் பாடம்! வெளிநாட்டவருக்கு மொழி படிப்பிக்கக் காசு போட்ட பாடம், உள்ளூரவர் கைக்கு வந்ததும் மொழியைக் கைவிட்டது எனக்கு இன்றும் விளங்காத விடயம்.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அதற்குப் பிறகும் முல்லைத்தீவுக்குத் தனிச் சிங்களத்தில் கடிதம் வருகிறது என்றால், அது வரக்கூடாது என்று கத்துவதும் வேண்டும், வந்ததை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். முதலாவதுக்கு ஆள் இருக்கிறது.

பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: போகலாம். அந்தப் பட்டத்தின் பெயரைச் சொல்லி வேலை கேட்காதே, எந்த மேசைக்கும் அந்தப் பெயர் தெரியாது. அரச நியமனத்துக்கு உன் கலைமாணியே காணும். அங்கீகாரக் கடிதத்தைத் திரும்பி வந்த கிழமையே எடுத்து வை. பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்று முதல் நாளே போய்ப் பார். அவள் கேட்டாள், "சேர், அந்தக் குருநாகல் அண்ணா இப்ப எங்க?" பாடசாலை ஆசிரியர், குருநாகலில்தான். ஒரு வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தான். கடல் தண்ணீரில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். அக்காவின் தாய் அவனுக்கு மோதகம் கொடுத்தா. அவனுக்கு ழகரம் இன்னும் வரவில்லை.

அக்கா படிவத்தை இன்னும் நிரப்பவில்லை, நேரம் இல்லையாம். போன கிழமை திணைக்களத்திலிருந்து அடுத்த களப் பார்வைக்குத் திகதி போட்டுக் கடிதம் வந்திருக்கிறது, சிறுபோக அறுவடை முடிய. இந்த முறை கடிதம் இரண்டு மொழியிலும் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் ஊரின் பெயர் பிழை. அக்கா சிவப்புப் பேனையால் திருத்தி, பிரதி எடுத்து, கோப்பில் வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.